பிரிக்காத பாட்டில்

உன் அண்ணன் உன்னைக் குடிகாரி என்று சொல்லித்தான் எரித்தார்.

இன்று காலை ஃபிரிட்ஜின் மேல் தூசி தட்டும்போது அந்தப் பாட்டில் கையில் பட்டது. நீ கடைசியாக வாங்கிய ஒயின். கடைக்காரர் சுற்றிக் கொடுத்த செய்தித்தாள் பழுப்பாகிவிட்டது. இன்னும் நான் பிரிக்கவில்லை. எந்த ஊர் ஒயின், சிவப்பா வெள்ளையா, ஒன்றும் தெரியாது. குடித்துப் பார்க்கும் முன் காகிதத்தைப் பிரிக்கக் கூடாது என்பது நீ போட்ட சட்டம். “லேபிள் பேசறதுக்கு முன்னாடி நம்ம நாக்கு பேசணும் மச்சி” என்பாய்.

நமக்கு ஒயினைப் பற்றி எதுவும் தெரியாது. தி. நகர் துணிக்கடையில் பக்கத்துப் பக்கத்து பில் கவுன்டரில் நாள் முழுக்க நின்றோம். சம்பளம் வந்த வாரம் பெயர் தெரியாத பாட்டில் ஒன்று வாங்கி, மயிலாப்பூரில் என் மாடி அறையில் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் குடித்தோம். முதல் பாட்டிலின் தக்கையை எடுக்கத் தெரியாமல் கரண்டிக் காம்பால் உள்ளே தள்ளினாய். தூள் தூளாக மிதந்தது. டீ வடிகட்டியில் வடிகட்டினோம். அதற்கப்புறம் திருகு மூடி பாட்டில் மட்டும்தான். திருகும்போது மூடிக்கு அடியில் இருக்கும் வளையம் அறுந்து சின்னதாக ஒரு சத்தம் வரும். அதைக் காதருகே வைத்துக் கேட்பாய். “நமக்கு முன்னாடி எவனும் தொடலன்னு அர்த்தம்.” தண்ணீர் பாட்டிலைக்கூட நீ அப்படித்தான் திறப்பாய்.

ஒரு வாய் குடித்ததும் ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்லி, இருவரும் ஒரே நேரத்தில் ருசியைச் சொல்ல வேண்டும். நாமே தின்று பார்த்ததை மட்டும்தான் சொல்லலாம். நீ ஊறவைத்த புளி என்றாய். நான் இரும்புச் சாவி என்றேன். “சாவியத் துன்னியா நீ?” என்று சிரித்ததில் உனக்குப் புரையேறியது. ஒருமுறை காகிதத்தைப் பிரித்தால் லேபிளில் செர்ரி என்று இருந்தது. நமக்குத் தெரிந்த செர்ரி, பேக்கரி கேக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் சிவப்பு உருண்டை. “இதுல எங்க கீது செர்ரி? நல்லா ஏமாத்தறானுங்க” என்றாய். அந்த உருண்டையே சர்க்கரைப் பாகில் ஊறிய களாக்காய் என்று பிறகு யாரோ சொன்னார்கள். அன்றிலிருந்து நீ பேக்கரியையும் நம்பவில்லை.

கீழ்வீட்டு மாமி ஒருநாள் படியேறி வந்தார். “என்னடிம்மா, பழம் அழுகினாப்பல வாசனை வர்றதே?”

“திராட்ச ஜூஸ் மாமி, ஊத்தட்டுமா?” என்று டம்ளரை நீட்டினாய். மாமி இரண்டு படி பின்வாங்கினார்.

ஆழ்வார்பேட்டை உணவகம் ஒன்றில் இலவசமாக ருசி பார்க்கலாம் என்று கேள்விப்பட்டு, வேலை முடிந்ததும் போனோம். கோட் போட்ட ஒருவர் ஊற்றிக் கொடுத்து, ப்ளாக் கரன்ட், தோல், ஈரக் கல் என்று ருசிகளை அடுக்கினார்.

“நாவப்பழம் துன்னா நாக்கு ஒட்டிக்குமே, அது மாதிரி கீது சார்.”

“நோ மேடம், ப்ளாக் கரன்ட்.”

“நான் அத ஐஸ்கிரீம்லதான் பாத்துக்கீறேன். நீங்க?” அவர் அடுத்த பாட்டிலை எடுத்தார். “சரி, ஈரக் கல்ல யாரு நக்கிப் பாத்தது?”

பக்கத்து மேஜையில் சிரித்தார்கள். உன் கேள்விக்கு அல்ல, நம் சீருடைப் புடவைக்கு. வெளியே வந்ததும் சொன்னாய்: “அவுங்களுக்கும் தெரியாது மச்சி. தெரிஞ்ச மாதிரி நிக்கிறாங்க, அவ்ளோதான்.”

அப்படி நிற்பவர்களை அடுத்து உன் வீட்டு வாசலில்தான் பார்த்தேன்.

அந்தச் சாயங்காலம் மழை. பாட்டிலை ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு என் அறைக்குத்தான் வந்துகொண்டிருந்தாய். குடித்தால் நீ வண்டியைத் தொட மாட்டாய். என் பாயில் தூங்கி எழுந்து காலையில்தான் போவாய். நான் வேர்க்கடலை வேகவைத்து, டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன். நந்தனத்தில் வடிகாலுக்குத் தோண்டிய குழி. தடுப்பு இல்லை, விளக்கு இல்லை. மேலே மழைத் தண்ணீர், சாலை போலவே.

வண்டியைத் தூக்கியவர்கள் சீட்டைத் திறந்தார்கள். செய்தித்தாள் சுற்றிய பாட்டிலின் வடிவம் இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதற்கப்புறம் குழியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. குழி தோண்டியவர்களுக்கு எவ்வளவு வசதி!

ஆதம்பாக்கத்தில் உன் வாசலில், “போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் வரட்டும்ண்ணே” என்றேன்.

“ரிப்போர்ட் இன்னாத்துக்கு? அதான் பாட்டிலே கீதே. எல்லாம் நீ பழக்கி வுட்டதுதான். உன் சாமான நீயே எடுத்துக்கினு போ” என்று உன் அண்ணன் பாட்டிலை என் கையில் திணித்தார்.

அவர் வாயிலிருந்து அப்போதும் நாற்றம் வந்தது. தினமும் குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர். அவரை யாரும் குடிகாரர் என்பதில்லை. உடம்பு அலுப்பு என்பார்கள்.

ஆட்டோவில் ஏறியதும் காகிதத்தின் மேல் நுனியை மட்டும் விலக்கினேன். எதையும் சீல் பார்க்காமல் நம்பாதே என்று பழக்கியவள் நீ. விரலால் தடவினேன். வளையம் அறுபடவில்லை.

காரியத்தன்று பாட்டிலோடு போனேன். பந்தி நடந்துகொண்டிருந்தது. உன் அண்ணன் முன்னால் மூடியை நீட்டி, “பாருங்கண்ணே, தொறக்கவே இல்ல” என்றேன். “சோறு துன்ற எடத்துல இத ஏன் எடுத்தாந்த?” என்றவர், திரும்பி இலைகளைப் பார்த்து, “சாம்பார் யாருக்கு?” என்றார்.

குழியை மூடித் தார் போட்டுவிட்டார்கள். பஸ் அந்த மேட்டில் ஏறி இறங்கும்போது கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். நீ போன பிறகு ஒயின் குடிக்கவில்லை. ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்ல எதிரில் ஆள் வேண்டும். உன் சட்டம் மட்டும் என்னிடம் இருக்கிறது. தான் தின்று பார்க்காததைச் சொல்கிற எவரையும் நான் விடுவதில்லை.

காலையில் அந்த மூடியைப் படம் எடுத்து உன் அண்ணனுக்கு அனுப்பினேன். கீழே எழுதினேன்: ‘இதுலேருந்து அவ எப்படிண்ணே குடிச்சா?’

பார்த்துவிட்டதாக ஃபோன் காட்டியது. சமைத்தேன், துணி துவைத்தேன், மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

இன்னொரு முறை அனுப்பினேன்: ‘சொல்லுங்க.’