பால்கனிக் கம்பி

கிறிஸ்டியான்சுண்ட்
14 செப்டம்பர் 1975

என் தங்கை குன்வோருக்கு,

நலம்தானே? இங்கே மழை, காற்று, நான் மூன்றும் நலம்.

கோடை விடுமுறையில் வேலை பார்த்த பொறியாளர் அலுவலகத்தில் நீ வரைந்த பால்கனிகள் எங்கள் கட்டடத்துக்குத்தான் வந்திருக்கின்றன! பிளானின் மூலையில் உன் பெயரைப் பார்த்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. சாப்பாட்டு வேளையில் ஓய்வறை முழுக்கக் காட்டினேன். "போதும்பா தோர்லைவ், உன் தங்கச்சி என்ன, கடலுக்கு மேல பாலமா கட்டிட்டா?" என்று ஒரே கேலி. பேசட்டும். ட்ரோண்ட்ஹைமில் கட்டுமானப் பொறியியல் கடைசி வருஷம் படிக்கிற தங்கை இவர்களில் யாருக்கு இருக்கிறாள்? எல்லாம் வயிற்றெரிச்சல்.

என்னோடு கம்பி கட்டுகிற அஸ்முண்ட் இருக்கிறானே, எதற்கும் குறை சொல்கிறவன், "ஏம்பா, பால்கனிக்குக் கம்பி மேல வரணும். இதுல அடியில போட்டிருக்கே" என்றான். விடுவேனா? "உனக்கு என்னய்யா தெரியும்? அவ பல்கலைக்கழகத்துல படிக்கிறவ. நீ கம்பியைக் கட்டு" என்று வாயை அடைத்தேன். வியாழக்கிழமை கான்கிரீட் போட்டாயிற்று. எனக்கு அவ்வளவு பெருமை, போ.

உன் அண்ணன்,
தோர்லைவ்

ட்ரோண்ட்ஹைம்
17 செப்டம்பர்

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்முண்ட் சொன்னதுதான் சரி.

உன் கடிதத்தைக் கேன்டீனில் படித்தேன். ஓடிப்போய்ப் பிளானின் நகலை எடுத்துப் பார்த்தேன். பால்கனி ஒரு பக்கம் மட்டும் சுவரைப் பிடித்து நிற்பது. பாரம் ஏறினால் அதன் மேல்பக்கம்தான் இழுபட்டு விரிசல் விடும், கம்பியும் அங்கேதான் வேண்டும். தேர்வில் பத்து தடவை சரியாக எழுதியவள், இரண்டு சுவர் தாங்குகிற தளம் என்ற நினைப்பில் அடியில் போட்டிருக்கிறேன். சரிபார்க்க வேண்டிய தலைமைப் பொறியாளரோ ஜூலை விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

பால்கனிகளை அடியில் தாங்குகிற முட்டுக்கட்டைகளை எடுக்க வேண்டாம், காரணம் பிறகு சொல்கிறேன் என்று உங்கள் மேஸ்திரிக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். பிறகு தலைமைப் பொறியாளரிடம் போனேன். "கம்பி கட்டினவங்க மாத்திக் கட்டிட்டாங்கன்னு எழுதிடலாம்மா. பிளானை நாம திருத்திக்கலாம். டிசம்பர்ல படிப்பு முடிஞ்சதும் உனக்கு இங்க வேலை இருக்கு, கெடுத்துக்காதே" என்றார்.

கட்டியது என் அண்ணன் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. திங்கட்கிழமை வரை நேரம் கேட்டிருக்கிறேன். கேட்டிருக்கவே கூடாது. வெட்கமாக இருக்கிறது.

குன்வோர்

கிறிஸ்டியான்சுண்ட்
19 செப்டம்பர்

அசட்டுப் பெண்ணே,

சரி என்று சொல்லிவிடு. நான்தான் பிளானைத் தப்பாகப் பார்த்துக் கட்டிவிட்டேன் என்று மேஸ்திரியிடம் சொல்லியாயிற்று. அவர் பிளானை எடுத்துப் பார்ப்பதற்குள் ஒரு குவளைக் காபியை அதன்மேல் கொட்டினேன். "பதினஞ்சு வருஷமா கம்பி கட்டுறே, கண்ணு எங்கடா போச்சு?" என்று கத்தினார். கத்தட்டும். வேலையை விட்டே அனுப்பினாலும் கம்பி கட்டுகிறவனுக்கு இந்த ஊரில் வேலைக்கா பஞ்சம்? அஸ்முண்டைக் கையைப் பிடித்துக் கெஞ்சியிருக்கிறேன். முறைக்கிறான், ஆனால் வாயைத் திறக்கவில்லை.

நீ அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். எனக்கு வேறு ஆசை கிடையாது. இதைக் கிழித்துப் போட்டுவிடு.

தோர்லைவ்

ட்ரோண்ட்ஹைம்
22 செப்டம்பர்

அண்ணா,

கோபப்படாதே. உன் கடிதத்தைப் படித்து அழுதேன். அழுது முடித்ததும் குழப்பம் போய்விட்டது. பிளான் என்னுடையது, தப்பு என்னுடையது, கம்பி கட்டியவர்கள் பிளானில் இருந்தபடியேதான் கட்டினார்கள், அவர்களில் ஒருவர் தப்பைச் சுட்டிக்காட்டவும் செய்தார் என்று எழுதிக் கையெழுத்திட்டு உங்கள் மேஸ்திரிக்கு அனுப்பிவிட்டேன். இன்று காலை நகலைத் தலைமைப் பொறியாளரிடம் கொடுத்தேன். படித்தார், மடித்தார், "அப்ப டிசம்பர்ல நீ வர வேண்டாம்மா" என்றார். வருத்தமாகத்தான் இருக்கிறது.

எனக்காகப் பொய் சொன்னாய். உன் பொய்யை உடைத்ததும் நானே. மன்னித்துக்கொள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இனி யார் வரைந்த பிளான் என்று பார்த்துக் கம்பி கட்டாதே. தப்பாகத் தெரிந்தால் கேள். நான் வரைந்ததென்றால் இன்னும் சத்தமாகக் கேள்.

குன்வோர்

கிறிஸ்டியான்சுண்ட்
28 செப்டம்பர்

குன்வோருக்கு,

இரண்டு நாள் உன்மேல் கொலைக் கோபம். இப்போது இல்லை.

மேஸ்திரி உன் கடிதத்தை ஓய்வறையில் உரக்கப் படித்தார். பதினோரு பேர் இருந்தோம், ஒருவரும் ரொட்டியைக் கடிக்கவில்லை. படித்து முடித்துவிட்டு, "நாப்பது பேர் வரைஞ்ச பிளானைப் பார்த்திருக்கேன். இப்படி ஒரு காகிதம் எனக்கு வந்ததில்ல" என்றார். அத்தனை பேர் முன்னால் அஸ்முண்டிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பால்கனிகளை உடைத்தாயிற்று. நேற்று புதுக் கம்பியை மேலே கட்டும்போது அஸ்முண்ட் சொன்னான்: "இந்தப் பொண்ணு வரைஞ்சா இனிமே கண்ணை மூடிக்கிட்டுக் கட்டலாம்பா."

"வேணாம்பா, கண்ணைத் திறந்துக்கிட்டே கட்டுவோம்" என்றேன். "அவ கேட்டது அதைத்தான்."

உன் அண்ணன்,
தோர்லைவ்