அம்மாமார் எழுதிய அட்டைகள்

புதுப் பிளாஸ்டிக்கின் மணம் உமக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. செவ்வாய்க்கிழமை காலை நம்முடைய வகுப்பறைக் கதவைத் திறந்தபோது அந்த மணம்தான் முகத்தில் அடித்தது. பிள்ளைகள் வட்டமாக உட்காரும் கம்பளத்தின் நடுவில், என் இடுப்புயரத்துக்கு ஒரு பாடப்பெட்டி நின்றது. ஆங்கிலமும் ஸ்பானிஷும் சேர்ந்த பாலர் வகுப்புக்கு வேண்டிய அத்தனையும் அதற்குள் இருக்கிறதாம். எல்லா அட்டைகளும் ஒரே அளவு, ஒரே எழுத்து, தொட்டால் பேசும் ஒரு பொத்தான். 'வீடு' என்ற அட்டையில் சிவப்புக் கூரை, புகைபோக்கி, முன்னால் ஒரு வெள்ளை வேலி. நம்முடைய பிள்ளைகள் அத்தனை பேரும் ரெக்ஸ்டேல் அடுக்குமாடிகளில் லிஃப்டுக்குக் காத்து நின்று வீட்டுக்குப் போகிறவர்கள். எனக்கு அந்த இடத்திலேயே பத்திக்கொண்டு வந்தது.

நம்முடைய பழைய அட்டைகள் இருந்த உம்முடைய பெட்டிகளைத் தேடினேன். ஜன்னலோரத்துத் தட்டு வெறுமையாக இருந்தது. நீர் கண்ணை மூடி ஏழு மாதம்தான் ஆகிறது.

நீர் ஸ்பானிஷ் கற்ற விதத்தை எத்தனை தடவை சிரித்துச் சிரித்துச் சொல்லியிருப்பீர். யாழ்ப்பாணத்திலிருந்து பார்க்டேலில் வந்திறங்கிய புதிதில் காலுறைத் தொழிற்சாலையில், எல் சல்வதோர்ப் பெண்களுக்கும் ஈக்குவடோர்ப் பெண்களுக்கும் நடுவில் எட்டு வருடம் நின்று பொறுக்கிய மொழி அது. பிறகு படித்து ஆசிரியரானீர். தேவாலயத்தின் அடித்தளத்தில் நடக்கும் இந்தச் சின்னப் பள்ளிக்கூடம் உம்மை எடுத்ததே அந்த ஸ்பானிஷுக்காகத்தான். உதவி ஆசிரியையாக நான் வந்தேன். இரண்டு யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஸ்பானிஷ் வகுப்பு நடத்துகிறார்கள் என்று கேட்டு என் மச்சாள் ஒரு கிழமை சிரித்தாள்.

முதல் வருடம் அட்டைகள் முழுவதையும் உம்முடைய கையாலேயே எழுதினீர். நான் வெட்டி, லாமினேட் செய்து, கூர் மூலைகளை வட்டமாக்கினேன். விளையாட்டுச் சாமான்களை அடுக்கி வைக்கும் நேரத்துக்குக்கூட ஒரு அட்டை வைத்திருந்தோம். பிறகு பெற்றோர் வந்து பார்க்கும் நாள் வந்தது. சாமான் அடுக்கும் மணி அடித்ததும் நம்முடைய நாலு வயதுப் பிள்ளைகள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் ஸ்பானிஷில் அதட்டத் தொடங்கின. கெதியாகச் செய், வேலை நேரத்தில் என்ன கதை, மெஷின் நிற்கிறது! அம்மாமார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. கோழி இறைச்சி பொதி செய்யும் இடத்தில் வேலை செய்கிறவள். இதே சொற்களைத் தன்னுடைய மேற்பார்வையாளர் நாள் முழுக்கக் கத்துவதாகவும், இப்போது சாப்பாட்டு மேசையில் மகனும் அதையே சொல்வதாகவும் உம்மிடம் மெதுவாகச் சொன்னாள். உம்முடைய முகம் செத்துப்போயிற்று.

அடுத்த நாள் அட்டைகளையெல்லாம் மேசையில் கொட்டினீர்.

"என்ர ஸ்பானிஷ் வேலைத்தலத்து ஸ்பானிஷ். பிள்ளையளுக்கு உது வேண்டாம். அம்மாமாரைக் கூப்பிடுவம்."

அதற்குப் பிறகுதான் வெள்ளிக்கிழமைக் காலைகள் வந்தன. பிள்ளையை விட வருகிற அம்மா பத்து நிமிடம் அந்தக் குட்டிக் கதிரையில் முழங்கால் மடிய உட்காருவாள். அட்டையின் ஒரு பக்கத்தில் அவளுடைய வீட்டிலேயே எடுத்த படம்: அவளுடைய கேத்தல், அவளுடைய கதவு, அவளுடைய செருப்புத் தட்டு. அதன் கீழே நீல மையில் உம்முடைய ஆங்கிலம். மறுபக்கத்தில் வீட்டில் எப்படிச் சொல்வாளோ அப்படியே தன்னுடைய கையெழுத்தில் அவள் எழுத வேண்டும். ஊருக்கு ஊர் சொல் மாறியது. காற்றில் விடும் பட்டத்துக்கு மட்டும் நான்கு அட்டைகள் சேர்ந்தன. எது சரி என்று நான் கேட்டதற்கு, "நாலு அம்மாவும் சரி" என்றீர்.

எழுதத் தெரியாத ஒரு அம்மா வந்தாளே, நினைவிருக்கும். மார்க்கரை மூன்று தடவை எடுத்து எடுத்து வைத்தாள். நீர் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்னவோ கதைத்தீர். கடைசியில் அவள் ஒரு கரண்டியை வரைந்தாள், பிடி கொஞ்சம் வளைந்த கரண்டி. கீழே சொல்லை எழுதிவிடலாம் என்று நான் பேனாவை எடுத்தபோது என்னுடைய கையைத் தட்டிவிட்டீர்.

"தொடாதேயும். அது முடிஞ்சுது."

அவளுடைய மகன் மற்றப் பிள்ளைகளுக்கு அந்த அட்டையைக் கொடுக்கவே மாட்டான். பிறகு எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான். பள்ளி தொடங்கும் செப்டம்பரில் அழுகிற பிள்ளைக்கு அதன் அம்மாவின் அட்டையைக் கையில் கொடுத்தால் போதும். நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மூலையில் இருந்து தேறிவிடும்.

செவ்வாய்க்கிழமையும் ஒரு பிள்ளை அதைத்தான் தேடியது. வலேரியா, போன வருடம் நீர் பென்சில் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த அந்தச் சின்னப்பெண், வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஜன்னலடிக்கு ஓடினாள். வெறும் தட்டைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி, "மம்மா எங்கே?" என்றாள். அவளுடைய அம்மா 'கதவு' என்று எழுதிய அட்டையைத்தான் கேட்டாள். பள்ளிக்கூடப் பணிப்பாளர் புதுப்பெட்டியிலிருந்து ஒரு அட்டையை எடுத்து அவளுடைய கையில் வைத்துப் பொத்தானை அழுத்தினார். அது இனிமையான குரலில் 'கதவு' என்றது. அவள் அதைக் கம்பளத்தில் வைத்துவிட்டு அழத் தொடங்கினாள்.

புதுப் பணிப்பாளரை நீர் காணவில்லை. நம்முடைய ஆள்தான். இங்கேயே வளர்ந்தவர், நல்ல மரியாதை, நல்ல சிரிப்பு. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அன்ரி, பெர்சனலா எடுக்காதேங்கோ. ஹேண்ட்ரைட்டிங் எல்லாம் ஒவ்வொரு மாதிரி. கிட்ஸுக்குக் கன்ஃபியூஸ் ஆகும். கமிட்டி டிசைட் பண்ணினது. லிஸ்ட்டில நீங்களும் சைன் வச்சிருக்கிறீங்களே?"

ஓம், வைத்திருக்கிறேன். இதை உம்மிடம் மறைக்கப் போவதில்லை. ஓகஸ்டில் 'அகற்ற வேண்டிய பழைய சாமான்கள்' என்று மூன்று பக்கம் வந்தது. முதல் பக்கத்தில் உடைந்த கதிரைகள், காய்ந்த பெயிண்ட். நேரே மூன்றாம் பக்கத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். இரண்டாம் பக்கத்தில் இருந்தது: கையால் செய்த அட்டைகள், ஐந்து பெட்டி. நீராக இருந்தால் ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்திருப்பீர்.

பின்கதவால் ஓடினேன். குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நான்கு பெட்டிகள் இருந்தன. ஐந்தாவதைக் காலை லொறி கொண்டுபோய்விட்டது. கரண்டி அட்டை அதற்குள்தான் இருந்தது. மூடிகளைத் திறந்து மூன்று தடவை தேடிவிட்டுத்தான் சொல்கிறேன். அதற்காக அந்தக் கமிட்டியை நான் மன்னிக்கமாட்டேன், என்னையும் மன்னிக்கவில்லை.

நான்கையும் இழுத்து வந்து படிக்கட்டுக்குக் கீழே வைத்தேன். ஜன்னலோரத்தில் திரும்ப வைக்க இடமில்லையாம், வேண்டுமென்றால் வீட்டுக்குக் கொண்டுபோகலாமாம். என்னுடைய வீட்டில் யார் அழுகிறது, அட்டையைப் பிடித்துக்கொண்டு தேற?

இடமில்லை என்றதற்குக் காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர், இல்லாவிட்டால் செருப்பைக் கழற்றுவீர். அந்த ஜன்னலோரத்தில் 'நினைவு வாசிப்பு மூலை' ஒன்று வரப்போகிறதாம். புதுப்பெட்டியை அங்கே பிரித்து அடுக்கி, அதற்கு மேலே உம்முடைய பெயரைப் புடைப்பெழுத்தில் பதித்த ஒரு பலகையை மாட்டப் போகிறார்களாம். நீர் செய்ததைக் குப்பையில் போட்டுவிட்டு, நீர் கண்ணால்கூடக் காணாத சாமானுக்கு உம்முடைய பெயர்! வெள்ளிக்கிழமை பலகையைத் திறந்து வைத்து இரண்டு நிமிடம் பேச என்னைக் கேட்டிருந்தார்கள். உம்மோடு கூட வேலை செய்தவளாம், உருக்கமாக இருக்குமாம்.

நான் சண்டைக்காரி இல்லை என்பது உமக்குத் தெரியும். இத்தனை வருடமும் யாராவது ஏறுக்குமாறாகச் சொன்னால், "நீர் கதையாதேயும், நான் கதைக்கிறன்" என்று நீர் எழும்புவீர். நான் தேத்தண்ணீர் போடப் போய்விடுவேன். திரும்பி வரும்போது சண்டை முடிந்திருக்கும், பெரும்பாலும் நீர் வென்றிருப்பீர். வெள்ளிக்கிழமை அந்த வசதி எனக்கு இருக்கவில்லை.

பெற்றோர் கொஞ்சப்பேர் வந்திருந்தார்கள், பழைய பிள்ளைகளின் அம்மாமாரும் நாலைந்து பேர். பலகையை ஒரு நீலத் துணி மூடியிருந்தது. நான் போய் முன்னால் நின்றேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், அம்மாமாரே, நீங்கள் எழுதிய அட்டைகள் படிக்கட்டுக்குக் கீழே இருக்கின்றன, ஒரு பெட்டி குப்பைக்குப் போய்விட்டது, என்னுடைய கையெழுத்தோடுதான் போனது என்றேன். கோழி இறைச்சிக்காரி மற்றவர்களுக்கு அதை ஸ்பானிஷில் சொன்னாள். பிறகு அவள்தான் முதலில் எழும்பினாள். அம்மாமார் குளிர்க்கோட்டுகளோடு போய், இருவர் இருவராகப் பெட்டிகளைத் தூக்கி வந்து, அந்தப் புது மூலைக்கு முன்னால் வைத்தார்கள்.

பணிப்பாளரின் சிரிப்பு அப்போதுதான் போனது. என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அன்ரி, என்ன செய்யிறீங்க? இப்ப என்னதான் வேணும் உங்களுக்கு?"

"அட்டையெல்லாம் ஜன்னலடிக்குப் போகவேணும். உங்கட பெட்டிக்கு வேற சுவர் பாருங்கோ. அந்தப் பலகையை அதுக்கு மேல மாட்டாதேங்கோ."

"அந்த போர்ட் புதுப் பெட்டிக்கெண்டு கமிட்டி அப்ரூவ் பண்ணினது. அதுக்கு மேல மாட்டாட்டி வேற இடத்தில மாட்டேலாது. பிறகு அவவின்ர பேர் இந்த பில்டிங்கிலயே இராது. யோசியுங்கோ."

யோசித்தேன். பலகையைத் துணியால் மூடுமுன் பார்த்திருந்தேன்; உம்முடைய பெயரை அப்படி அழகாக யாரும் எழுதி நான் கண்டதில்லை. துணிக்குள்ளால் அந்த எழுத்துகளின் புடைப்புத் தெரிந்தது.

"இராட்டி இராமல் போகட்டும்" என்றேன்.

துணியோடு அதைக் கொண்டுபோய் அலுமாரியில் வைத்துவிட்டார்கள். நான்கு பெட்டிகளும் ஜன்னலோரத்துக்கு வந்துவிட்டன. இந்தப் பள்ளிக்கூடத்தில் உம்முடைய பெயர் எங்கும் இல்லை, அதை வேண்டாம் என்றவள் நான்தான். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். உம்மிடம் கேட்காமல் செய்த பெரிய காரியம் இது ஒன்றுதான். கரண்டி வரைந்தவளுக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய தொலைபேசி இலக்கம் என்னிடம் இருக்கிறது. எடுக்கத்தான் துணிவில்லை.

இன்று காலை கமிட்டியிலிருந்து இன்னொரு கடிதம். அம்மாமாரின் அட்டைகளை வைத்திருக்கலாமாம், ஆனால் ஒரே சீராகத் தட்டச்சுச் செய்து மாற்ற வேண்டுமாம். திங்கட்கிழமை பேச்சுவார்த்தையாம். அந்தக் கடிதத்தை ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தேன். வாசிக்க வாசிக்க எனக்கு ஏறிய கோபம் என்னுடையதே இல்லை, அச்சாக உம்முடையது. அது என்னிடம் இருக்கட்டும். திங்கட்கிழமை தேத்தண்ணீரை வேறு யாராவது போடட்டும், நான் கதைக்கிறேன்.