பாட்டில் மாட்ட இடம்

அக்டோபர் 6

சைக்கிள் சட்டம் விரிசல் விட்டுவிட்டது. ஐந்து வருடச் சேற்றுப் பந்தயம். ஒட்டினால் நிற்காது என்று கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். என்னைவிட அப்பாவுக்குத்தான் முகம் வாடியது.

"சீசன் ஆரம்பிக்குதேம்மா. அதே மாதிரி புதுசு ஒண்ணு எடுத்துடலாம்."

தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

அக்டோபர் 9

மறுபடி கடை. அதே மாதிரி ஒன்று இருந்தது: சைக்ளோகிராஸ். பக்கத்தில் ஒரு கிராவல். சரளைப் பாதையில் நாள் முழுக்கப் போவதற்கானது; நீளம், நிதானம், தடித்த டயர். பழக்கதோஷம், அதையும் தூக்கித் தோளில் மாட்டிவிட்டேன். பாட்டில் கூடு விலாவில் இடித்தது.

"இதைத் தூக்க வேணாம் மேடம், ஓட்டுனா போதும்."

சைக்ளோகிராஸில் பாட்டில் மாட்டுவதில்லை. தடை வந்தால் இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுச் சேற்றில் ஓட வேண்டும். சட்டத்துக்கு நடுவே உள்ள அந்த இடம் தோளுக்கு. தண்ணீர், பந்தயம் முடிந்த பிறகுதான். அப்பா கையிலிருந்து.

அக்டோபர் 10

அதுதான் விஷயம். அம்மா போன பிறகு ஞாயிறு என்றால் அப்பாவுக்கு மைதான வேலி. கையில் பாட்டில், காலடியில் வாளி, சேறு கழுவ பிரஷ். "பாதி நேரம் சைக்கிள்தான் உன்மேல சவாரி போகுது!" என்று கத்துவார். வேலியோரம் எல்லோரும் சிரிப்பார்கள். வீட்டில் அவர் அவ்வளவு சத்தமாகப் பேசுவதே இல்லை.

எனக்கோ ஒரே மைதானத்தைச் சுற்றிச் சுற்றி அலுத்துவிட்டது. ஏரிக்கு அப்பால் போகும் அந்த மண்பாதையைப் பார்க்க வேண்டும்.

அவரை எந்த வேலியில் நிறுத்துவேன்?

அக்டோபர் 13

இன்னும் சொல்லவில்லை.

அக்டோபர் 15

கிராவல்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அப்பா தட்டு கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடினார்.

"அதுல பாட்டில் மாட்டலாமா?"

"ரெண்டு மாட்டலாம்ப்பா."

"அப்ப நல்லதுதான்."

குழாயைத் திறந்து, கழுவிய தட்டையே மறுபடி கழுவினார்.

நான் என்ன தப்பு பண்ணிட்டேன் இப்ப? சைக்கிள்தானே — சைக்கிள் இல்லைன்னு தெரியும்.

அக்டோபர் 26

கிராவலில் முதல் ஞாயிறு. கிளம்பும்போது அப்பா பேப்பரிலிருந்து தலை நிமிராமல் கேட்டார்.

"அந்த ஏரிப் பாதை ரோட்டுல எங்க வந்து சேருது?"

"மேப்ல ஒரு பழைய பாலம் காட்டுது. எதுக்குப்பா?"

"சும்மா கேட்டேன்."

பாதை நீளம். ஒரு இடத்தில்கூட இறங்கித் தூக்கவில்லை. கடைசி வளைவிலேயே பாலம் தெரிந்தது. ஸ்கூட்டர். வாளி. பாலத்துச் சுவரில் சாய்ந்து, எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு அப்பா. கையில் பாட்டில்.

என் பாட்டில் இரண்டிலும் தண்ணீர் பாதிக்கு மேல் இருந்தது. புதருக்குப் பின்னால் நிறுத்தி, இரண்டையும் கொட்டினேன். பாலத்துக்குப் போய் அவர் பாட்டிலுக்குக் கை நீட்டினேன்.

"ரெண்டு இருந்தும் பத்தலையா?" என்றார் சத்தமாக.

"பத்தலப்பா."