அத்தை வெயில் காய்ந்த நாள்

பிப்ரவரி 17
வெயில் எட்டிப் பார்த்தது. தோட்டத்துத் தேனீப் பெட்டியை லேசாகத் தூக்கினேன். கனமே இல்லை. குளிருக்குச் சேர்த்த தேனையெல்லாம் உள்ளே இருப்பவர்கள் தின்று தீர்த்துவிட்டார்கள்.
சன்னலிலிருந்து அத்தை, என் மாமியார்: "கொட்டுற பூச்சிக்குப் போய் இவ்வளவு கவலை. என் புள்ள இருமுறான், கேக்க ஆளில்ல."
புள்ளைக்கு வயது நாற்பத்தாறு.

பிப்ரவரி 20
வேலிக்கு அந்தப் பக்கத்து வில்லோ மரம் மொட்டு விட்டிருக்கிறது. யாரும் நடாமல் தானாக வளர்ந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால் பூப்பது. சர்க்கரைப் பாகு வைத்தால் பெரிய தேனீக்கள் பிழைத்துக்கொள்ளும். குஞ்சுப் புழுக்களுக்கு மகரந்தம் வேண்டுமே. இப்போதைக்கு இந்த மரத்தை விட்டால் கதியில்லை.

பிப்ரவரி 21
பக்கத்து வீட்டுக்காரர் அதை வெட்டப்போகிறாராம். வருஷா வருஷம் மஞ்சள் தூள் கொட்டி அவர் கார் நாசமாகிறதாம். நாளைக்கே ஆள் வருகிறார். கெஞ்சினேன்.
"கவலப்படாதீங்க, அந்த இடத்துல அழகா அடுக்குச் செர்ரி வெச்சுடறேன்."
அடுக்குப் பூவில் வெறும் இதழ்தான், மகரந்தமில்லை. தேனீ வாசலோடு திரும்ப வேண்டியதுதான். என் வீட்டுக்காரரிடம் சொன்னால், "அவர் மரம், அவர் இஷ்டம்" என்று இருமுகிறார். நான் என்னதான் செய்ய?

பிப்ரவரி 22
ரம்பச் சத்தமே கேட்கவில்லையே என்று எட்டிப் பார்த்தால் — வில்லோ அடியில் நாற்காலி போட்டு அத்தை உட்கார்ந்திருக்கிறார். மரம் வெட்டுபவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.
"பாட்டி, கொஞ்சம் எழுந்திருங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.
"வெயில் காயறேன், தெரியல?"
"எவ்வளவு நேரம்?"
"பூ உதிர்ற வரைக்கும்."
மரம் வெட்டுபவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கிளம்பினார். பக்கத்து வீட்டுக்காரரும் இறங்கி வந்தார்: பூத்து முடியட்டும், அப்புறம் கிளையை மட்டும் கழிக்கலாம்.
உள்ளே வந்த அத்தையின் கையைப் பிடித்தேன். உதறினார்.
"உன் பூச்சிக்காகன்னு நெனச்சியா? அந்தாளு என்னைவிட ரெண்டு வயசுதான் சின்னவன். நேத்தும் பாட்டிங்கறான், இன்னிக்கும் பாட்டிங்கறான்."

மார்ச் 6
வில்லோ பூத்துவிட்டது. கால்களில் மஞ்சள் மூட்டையோடு முட்டிமோதிப் பெட்டிக்குள் போகிறார்கள்.

மார்ச் 9
பக்கத்து வீட்டுக்காரர் காருக்குப் பூப்போட்ட படுக்கை விரிப்பைப் போர்த்தியிருக்கிறார். ஒரு தேனீ அதில் உட்கார்ந்து ஏமாந்து போனது.

மார்ச் 28
என் வீட்டுக்காரர் புல் வெட்டும் எந்திரத்தை இழுத்து வந்தார். தரையெங்கும் மஞ்சள் மஞ்சளாகக் காட்டுப் பூ, அதில் தேனீக்கள்.
"நில்லுடா" என்றார் அத்தை. "அதுங்க சாப்பிட்டுக்கிட்டிருக்குல்ல."
என்னைப் பார்த்ததும், "அந்தச் சத்தம் தலைவலி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.