புல்லுமீனும் என் எடையும்

1 ஜூன் 2025, ஞாயிறு

சர்க்கரை கூடிவிட்டது, தினமும் ஒரு மணி நேரம் நடங்கள் என்று டாக்டர் சொல்லி மூன்று மாதம் ஆகிறது. குவார்ட்டர்ஸிலிருந்து வாசலூர்பட்டி ஏரி வரை நடக்கிறேன். நாலு நிமிடம். மீதி ஐம்பத்தாறு நிமிடமும் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கிறேன். ஊருக்கெல்லாம் மாத்திரை கொடுத்துப் புத்தி சொல்லும் மருந்தாளுநர் பிரிசில்லாவின் லட்சணம் இது.

மிதிபடகுகளைப் பார்த்துக்கொள்ளும் செங்கோடன் பக்கத்தில் வந்து குந்தினார். "மண்புழுவுக்கெல்லாம் அது வராதுங்க மருந்தம்மா. பலாச்சுளை போட்டுப் பாருங்க."

எது வராது என்றேன். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் மனைவி பொன்னாயியோடு சண்டையோ? விசாரிக்க வேண்டும்.

5 ஜூன்

சண்டையெல்லாம் இல்லையாம். ஏமாற்றம்.

8 ஜூன், ஞாயிறு

தூண்டில் நரம்பு விரலை அறுத்திருக்கிறது. எழுத்து கோணலாகத்தான் வரும்.

காலை ஏழுக்குப் பலாச்சுளையைக் கோத்துப் போட்டேன். ஏழேகாலுக்கு நரம்பு நகர்ந்தது. வெடுக்கென்று இழுக்கவில்லை. யாரோ பேசிக்கொண்டே நடந்து போவது போல நிதானமாகப் போயிற்று. அப்புறம் நானும் போனேன், முழங்கால் தண்ணீர் வரை. செங்கோடன் கூச்சப்பட்டு என் சேலைத் தலைப்பைப் பிடித்தார். பொன்னாயி ஓடிவந்து இடுப்பையே கட்டிக்கொண்டாள். முக்கால் மணி நேரம்.

வந்தது.

மீன் என்று சொல்ல நா எழவில்லை. அரையாள் நீளத்துக்கு மேல். ஒவ்வொரு செதிலும் ஒரு காசு அகலம், ஓரத்தில் மை தீட்டியது போல் கறுப்பு. அந்த உடம்புக்கு அவ்வளவு சின்னக் கண். அது என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி எதையோ பார்த்தது. ஈரச் சாக்கில் சுற்றி நெஞ்சோடு தூக்கினேன். ஏதோ துடித்தது. அதன் இதயமா, என்னுடையதா? பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆண்டவரே என்றேன். அதற்கு மேல் ஜெபம் வரவில்லை.

"பதிமூணு வருசமா வாயை மட்டுந்தாங்க பாத்திருக்கறேன். ஒருக்கா முழுசாப் பாக்கோணும்னு ஆசை," என்றார் செங்கோடன். "பாத்தாச்சு. விட்டரலாங்க."

எடை பார்த்துவிட்டு, என்றேன். பொன்னாயி என் வீட்டு எடை மெஷினைத் தூக்கி வந்தாள். மீனோடு ஏறி நின்றேன். செங்கோடன் முள்ளைப் படித்தார்: நூற்றேழு.

"உங்க எடையைக் கழிக்கோணுமே. எவ்வளவுங்க?"

"அறுபத்தெட்டு."

பத்து வருடம் சொல்லிப் பழகிய வாய், என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

"அப்ப மீனு முப்பத்தொம்போது."

பொன்னாயி என்னைத் தலையிலிருந்து கால் வரை ஒருமுறை பார்த்தாள். பிறகு தண்ணீரில் விட்டோம். அது அவசரப்படவேயில்லை. ஏரி அதற்கு வழி விட்டது.

செங்கோடன் எடுத்த படத்தில் வால் மட்டும் தெரிகிறது. மீதி நான்.

10 ஜூன்

சோளக்காடு ஊர்ப் பக்கம் நாற்பத்தைந்து கிலோ என்று பேசிக்கொள்கிறார்களாம். நான் மறுக்கவில்லை.

12 ஜூன்

மலைக்குக் கீழே இருக்கும் மீன்வளத்துறை ஆபீஸிலிருந்து ஆய்வாளர் ரமேஷ்குமார் கூப்பிட்டார். நான் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தேன். இருமல் மருந்துக்கு வந்திருந்த செங்கோடனிடம் போனைக் கொடுத்தேன். தப்பு.

எடை முப்பத்தொன்பது என்று இவர் சொன்னதும், எந்த நாட்டு மீன் என்று அவர் கேட்டிருக்கிறார். "பைல் நாடுங்க," என்றார் இவர்.

மாலையில் மறுபடி போன். "மேடம், பைல்னு ஒரு நாடு ஆப்பிரிக்காவுல இருக்குதுங்களா?"

இந்த மலையில் நாடு என்றால் நாலைந்து ஊர் சேர்ந்தது, பைல் நாட்டுக் குட்டையில் பிடித்த புல் கெண்டைக் குஞ்சுகளை, இங்கே புல்லுமீன் என்பார்கள், செங்கோடன் குடத்தில் கொண்டுவந்து இந்த ஏரியில் விட்டார் என்று விளக்கினேன். சிரித்தார். ஆனால் விடவில்லை.

"நாட்டை விடுங்க மேடம். எடைதான் இடிக்குது. எங்க பதிவேட்டுல புல் கெண்டை இருபத்தாறைத் தாண்டுனதில்ல. முப்பத்தொம்போதுன்னா இது வேற ஏதோ வெளிநாட்டு இனம், மத்த மீனையெல்லாம் தின்னுரும். திங்கக்கிழமை வலையோட வர்றோம். ஃபார்மலின்ல போட்டு மேலிடத்துக்கு அனுப்போணும்."

13 ஜூன்

செங்கோடன் சாப்பிடவில்லையாம். "நாப்பது குஞ்சு கொண்டாந்தேன். இது ஒண்ணுதான் மிச்சம். இது பாசியைத் திங்கறதாலதான் என்ற படகு நகருது," என்றார்.

பொன்னாயி மிளகுக் கூடையை இறக்கிவைத்தாள். "மீனு மேல தப்பில்லீங்க. கழிச்சதுலதான் தப்பு."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பார்த்தே சொல்லியிருக்கலாம்.

14 ஜூன்

எழுபத்தொன்பது.

சரி. முதலில் இங்கே எழுதியாயிற்று.

15 ஜூன், ஞாயிறு

ஆய்வாளருக்கு நானே போன் செய்தேன்.

"சார், மீன் இருபத்தெட்டுதான்."

"மீதி பதினோரு கிலோ எங்க மேடம் போச்சு?"

"எங்கிட்டதான் இருக்கு."

அவர் நல்ல மனிதர், சிரிக்கவில்லை. ஆனால் ஆதாரம் கேட்டார். மெஷினில் நான் தனியாக நிற்கும் படம் வேண்டுமாம், முள் தெளிவாகத் தெரிய வேண்டுமாம். பொன்னாயி எடுத்தாள். வாழ்நாளில் அவள் எடுத்த முதல் படம், அவ்வளவு தெளிவு.

ஒரு மணி நேரத்தில் பதில்: "புல் கெண்டையேதான் மேடம். பூர்வீகம் சீனா. முன்னாடி நாங்களே குட்டைக்காரங்களுக்குக் கொடுத்த குஞ்சு. மாவட்ட ரெக்கார்டு உங்களுக்குத்தான். வலை வராது."

என் படம் கோப்பில் இருக்குமாம். நிரந்தரமாக.

செங்கோடனிடம் சொன்னேன். எழுந்து போய்ப் படகுகளைக் கழுவ ஆரம்பித்தார். நேற்றே கழுவியவை.

20 ஜூன்

பி.பி. மாத்திரை வாங்க வந்த பூபதி, ரெக்கார்டு அடித்தது மீனா நீங்களா என்று கேட்டார். வரிசையே காத்திருந்தது பதிலுக்கு. ஊர்க்கதை பேசிப் பேசி நான் சேர்த்த பாவம்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

இன்று முதல்முறையாகப் படகில் ஏறினேன். என் பக்கம் சாய்ந்தது. செங்கோடன் மரியாதையாக எதிர் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

நடு ஏரியில் ஒரு முழு வாழையிலையை மிதக்கவிட்டோம். மிதிப்பதை நிறுத்தச் சொன்னார். காற்றில்லை. இலைக்குக் கீழே தண்ணீர் முதலில் கறுத்தது, பிறகு நகர்ந்தது. அது படகைக் கடந்து போனது; போய்க்கொண்டே இருந்தது, வால் வரவேயில்லை. வெளுத்த உதடு ஒன்று மேலே வந்து இலை நுனியைக் கவ்வியது. பசு புல்லைப் பறிக்குமே, அதே சத்தம். ஒரு இழுப்பில் இலை உள்ளே போனது.

செங்கோடன் என்னைப் பார்த்தார், நான் ஒரு எடை சொல்வேன் என்று. கரை சேரும் வரை நான் எந்த எண்ணும் சொல்லவில்லை.