மிஷின் நிற்கும் அரை மணி நேரம்

நவம்பர் 6, வியாழன்

காலையிலிருந்து தூறல். பெருமாநல்லூரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு பஸ், நிற்கக்கூட இடமில்லை. குடையை பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன். இந்த மாதத்தில் இரண்டாவது.

நாளை கொண்டு போக: டயப்பர், தேங்காய் எண்ணெய், பழைய ஸ்கேன் கவர்.

வீட்டுக்காரர் வென்டிலேட்டரில், 23ஆம் நாள். நிமோனியாவில் இரண்டு நுரையீரலும் கெட்டு, இப்போது தேறிவிட்டதாம். தொண்டையில் துளை போட்டுக் குழாய். அதனால் பேச்சு இல்லை. தினமும் பதினொரு மணிக்கு மிஷினைக் கழற்றி, குழாயில் ஆக்சிஜன் மட்டும் வைத்து, தானாக மூச்சு விடுகிறாரா என்று பார்க்கிறார்கள். இன்று மூன்றாவது தடவை. பன்னிரண்டு நிமிடம்தான். வியர்வை, நாடி 140. திரும்ப மாட்டிவிட்டார்கள்.

டாக்டர்: "நுரையீரல் ரெடிங்க. அவருதான் பதட்டப்படறாரு. இப்படியே மிஷின்ல கிடந்தா மூச்சு இழுக்கற தசை இளைச்சுப் போயிருமுங்க. நீங்க கொஞ்சம் தைரியம் சொல்லுங்க."

தைரியமாம். எந்தக் கடையில் விற்கிறது என்று கேட்க நினைத்தேன். தலையாட்டிவிட்டு வந்தேன்.

நவம்பர் 7, வெள்ளி

மழை இல்லை. அவர் கம்பெனி சூப்பர்வைசருக்குப் போன். "இன்னும் எத்தனை நாளைக்குங்க லீவு?" எனக்கென்ன தெரியும்.

ஐ.சி.யூ.வில் ஒருவருக்குத்தான் அனுமதி, 11 முதல் 11.30. நேற்று நாத்தனார் முறை, இன்று நான். ஜெனிபர் சிஸ்டர் மிஷினைக் கழற்றினார். அது ஒரு முறை கத்தியது, அணைத்தார். அவ்வளவுதான், சத்தமே இல்லை. அவருக்குக் கண் விரிந்துவிட்டது. எழப் பார்த்தார். கை மேலே போனது.

"பாத்தீங்களாக்கா, குழாயப் புடுங்கப் பாக்கறாரு." கையைக் கட்டிலோடு கட்டிவிட்டார். கட்டிய பிறகும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஓடிக்கொண்டே இருந்தன.

ஒன்பது நிமிடம். நேற்றைவிடக் குறைவு.

மாலை. துணி மடிக்கும்போது புரிந்தது. அவர் குழாயைப் பிடுங்கவில்லை. நூல் முடிகிறார்! பதினாறு வருடமாக பனியன் துணி பின்னும் நிட்டிங் ஆபரேட்டர். நூல் அறுந்தால் மிஷின் தானே நின்றுவிடும். சத்தம் நின்றால் ஓடிப் போய், மேலே கை நீட்டி, அறுந்த முனையைப் பிடித்து முடிச்சுப் போட்டு ஓட விட வேண்டும். இப்போது பக்கத்தில் மிஷின் சத்தம் நிற்கிறது. மனிதரைக் கட்டிப் போட்டிருக்கிறோம். நான் வேறு, "பயப்படாதீங்க, மிஷினத்தான் நிறுத்தறாங்க" என்று காதில் ஓதியிருக்கிறேன். என் வாயை என்ன செய்ய.

நவம்பர் 8, சனி

சிஸ்டரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. டாக்டரிடம் கூட்டிப் போனார். "இருக்கலாமுங்க. மயக்க மருந்து கொறைக்கறப்ப வேலையில இருக்கற மாதிரி நினைப்பாங்க." இன்று கழற்ற வேண்டாம், ஓய்வு கொடுக்கலாம் என்றார்.

யோசித்து யோசித்துத் தலைவலி. அவர் ஓடுகிற மிஷினை விட்டு நகர்வது ஷிப்ட் மாறும்போதுதான். அடுத்த ஆள் வந்து, தோளைத் தட்டி, பார்த்துக்கொள்கிறேன் என்று வாயால் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வீடு வர மாட்டார். எத்தனை நாள் சோறு ஆறியிருக்கிறது.

அடுத்த ஷிப்ட் முகேஷ். பீகார்க்காரர், ஆறு வருடமாக இவரோடு. போன் போட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

என் முறையை முகேஷுக்குக் கொடுத்தேன். நாத்தனார் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க அண்ணி, கூடப் பொறந்தவ நான் நிக்கறேன், எவனோ ஒருத்தன உள்ள அனுப்பறீங்களா?" நானும் விடவில்லை. வராந்தாவில் எல்லோரும் பார்த்தார்கள்.

முகேஷ் நைட் ஷிப்ட் முடித்து நேரே வந்தவர், தலையெல்லாம் பஞ்சு. சிஸ்டர் கை கழுவ வைத்து, மேலங்கியும் மாஸ்க்கும் கொடுத்தார். நான் கதவுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு. கதவிடுக்கில் கேட்டது: "அண்ணா, ஷிப்ட் முடிஞ்சிருச்சு. மிஷின் நான் பாக்குது. நீங்க ஊட்டுக்குப் போ." தோளில் இரண்டு தட்டு. கழற்றினார்கள்.

கை எழுந்தது. முகேஷைப் பார்த்தார். கை இறங்கியது.

10 நிமிடம். 20. 30. நேரம் முடிந்தும் முகேஷை யாரும் வெளியே அனுப்பவில்லை. ஒரு மணி பத்து நிமிடம்! பிறகு டாக்டரே மாட்டினார். "இது சோர்வுதாங்க, பதட்டமில்ல. சோர்வு சரியாயிரும்."

முகேஷுக்கு டீ, பன். நாத்தனார் தண்ணீர் பாட்டிலை அவரிடம் நீட்டினாள்.

நவம்பர் 10, திங்கள்

மூன்று மணி நேரம். முகேஷ் இல்லை, ஜெனிபர் சிஸ்டரே தோளைத் தட்டிச் சொன்னார். இவரும் ஒத்துக்கொண்டார்.

நவம்பர் 11, செவ்வாய்

ஆறு மணி நேரம். மாலையில் காய்ச்சல், சளி. எல்லாம் போச்சு என்று நினைத்தேன். கேஸை அணைத்தேனா என்று இரண்டு முறை போய்ப் பார்த்தேன்.

நவம்பர் 13, வியாழன்

காய்ச்சல் விட்டது. நேற்று பகல் முழுக்க மிஷின் இல்லை. இன்று 11 மணிக்குக் கழற்றியது, இனி மாட்டப் போவதில்லையாம். 48 மணி நேரம் தாண்ட வேண்டும். போன் அடித்தால் உயிர் போகிறது. யாரோ ஒரு பெண், கடன் வேண்டுமா என்றாள். வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன், பாவம்.

நவம்பர் 15, சனி

வெயில். தாண்டிவிட்டார்.

உள்ளே போனபோது மிஷினை உருட்டிக்கொண்டு போயிருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவர் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதுவது போல விரலை அசைத்தார். அட்டையும் பேனாவும் கொடுத்தேன். ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்தேன்.

"பயமா இருக்குது."

இருபது வருடத்தில் இதை அவரிடமிருந்து கேட்டதில்லை. பேனாவை வாங்கி, கீழே "எனக்கும்" என்று எழுதினேன். படித்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பதினொன்றரை ஆகிவிட்டது என்றார் சிஸ்டர். அவர் விடவில்லை.