நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர்

அன்புள்ள நைனாவுக்கு,

நான் நன்றாயிருக்கிறேன். உங்கள் சர்க்கரை எப்படி இருக்கிறது?

இங்கே புனேயில் புது ஃப்ரிட்ஜுகளின் குளிர்ச்சியை அளக்கிறோம். அளந்து முடியும்வரை கதவைத் திறக்கக் கூடாது. நேற்று, அம்மா தயிர் கேட்டதுபோல், என் கை தானாகக் கதவைத் திறந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

அம்மா போனபின் நம் ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டீர்களாம். "ஒருத்தனுக்கு எதுக்கும்மா கரண்ட்டு? கதவு சாத்திதான கீது, இன்சுலின் ஜில்லுன்னு இருக்கும்" என்றீர்களாம். பக்கத்து வீட்டு ப்ளெஸ்ஸி சொன்னாள்.

இருக்காது நைனா. திருத்தணி வெயிலில் மருந்து கெட்டிருக்கும், புதிதாக வாங்குங்கள். ஃப்ரிட்ஜை ஓடவிட்டு, இதோடு வரும் தெர்மாமீட்டரை நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் வையுங்கள். நாலைந்து டிகிரி காட்ட வேண்டும்.

எவ்வளவு காட்டுகிறதென்று காலையில் போனில் சொல்லுங்கள். சரியாக இருந்தாலும் தினமும் சொல்லுங்கள்.

ஷிப்ட் பஸ் வந்துவிட்டது.

உங்கள்
டெபோரா